கம்ப்யூட்டர் எங்கே காத்திருக்கிறது?

தில்லியில் நம் தமிழ் அன்பர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது "சௌக்கியமா?"; அடுத்துக் கேட்பது, "பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும் சார், எது நல்லது?" நான் கணிப்பொறிப் பொறியாளன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். முப்பது ஆண்டுகளாக நேரு பிளேஸ் கடைகளில் அலைந்து, பெட்டிகளைக் கழற்றி மாட்டிய பழக்கம் ஒன்றுதான் என் தகுதி. அந்தத் துணிவில் இங்கே ஒரு சிறு பாடம்.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 1995 இறுதியில் முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அதில் போயிற்று. கடையில் இரண்டு பெட்டிகள் காட்டினார்கள். ஒன்றில் 66 மெகாஹெர்ட்ஸ் 486 புராசஸர், 8 எம்.பி. ரேம். மற்றதில் 100 மெகாஹெர்ட்ஸ் 486, ஆனால் ரேம் 4 எம்.பி. மட்டும். விலை ஏறக்குறைய ஒன்றே. நூறு பெரிய எண் அல்லவா? அதையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

விண்டோஸ் 95 அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வெளிவந்திருந்தது. குறைந்தது 4 எம்.பி. ரேம் வேண்டும், 8 இருப்பது நல்லது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கடிதத்தைத் திறந்தால் போதும், ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். "கையால் எழுதியிருந்தால் இந்நேரம் தபாலில் போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். புராசஸர்தான் சமையல்காரர். ரேம் என்பது அவர் முன்னால் இருக்கும் மேடை. ஹார்டு டிஸ்க் என்பது நாலு தெரு தள்ளி இருக்கும் மளிகைக் கடை. மேடை அகலமாக இருந்தால் சாமான்களை ஒரே தடவையில் பரப்பிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். குறுகலாக இருந்தால் பருப்பை எடுத்துவிட்டுப் புளியை வைக்க வேண்டும். பிறகு பருப்புக்கு மறுபடியும் கடைக்கு ஓட வேண்டும். சமையல்காரர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தால் என்ன? சாமான் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்த நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப்பில் இருந்த பழைய ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. தேவையான தகவல் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடிக்கு மேல். 3 கிகாஹெர்ட்ஸ் புராசஸர் அதற்குள் 1 கோடியே 66 லட்சம் தடவை துடித்துவிடும். ஒரே ஒரு தகவலுக்காக இத்தனை துடிப்பும் வீண். எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க்கில் சுற்றும் தட்டே கிடையாது, எல்லாம் சில்லுகள். ஆகவே இந்தக் காத்திருப்பு மிக மிகக் குறைந்துவிடுகிறது.

பெரிய எண்ணைக் கண்டு மயங்கியவன் நான் மட்டும் அல்லன். இன்டெல் நிறுவனமே ஒரு காலத்தில் அந்த வழியில்தான் போயிற்று. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அதன் வேகம் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் பல வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதற்கு ஈடு கொடுத்தது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதும் முக்கியம் அல்லவா? 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரப்போகிறது என்று சொன்னவர்கள் 2004-இல் அதைக் கைவிட்டார்கள், 3.8-இல் நின்றுபோயிற்று. 2006-இல் வந்த கோர் 2 டுவோ, இரண்டு கிகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஓடியே அதை முந்திவிட்டது.

அடுத்தது கேம் விஷயம். பெற்றோர் முகம் சுளிப்பது இங்கேதான். விளையாட்டில் படம் காட்டும் வேலையே வேறு மாதிரி. 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 படம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இதற்கு ஒரு கெட்டிக்காரச் சமையல்காரர் போதாது. வரிசையாக உட்கார்ந்து பூக்கட்டும் ஆயிரம் பேர் வேண்டும். அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. 2012-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் படங்களை அடையாளம் காணக் கம்ப்யூட்டரைப் பழக்கியவர்கள் பயன்படுத்தியவை, கேம் ஆடுவோர் வாங்கும் இரண்டு என்விடியா ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள்தாம். இன்றைய செயற்கை அறிவு அலைக்கு அது ஒரு தொடக்கம். பையன்கள் கேம் ஆடக் கொடுத்த காசு வீணாகவில்லை என்பது என் கட்சி. ஆனால் அதற்கு வட்டியும் கட்டுகிறோம். செயற்கை அறிவு நிலையங்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதால் 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிற்று.

கேமுக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 60 படம்தான் காட்டும். 140 படம் தயாரிக்கும் கார்டை அதனுடன் இணைப்பது, ஆழாக்குச் சொம்பை வைத்துக்கொண்டு குடம் பால் வாங்குவது போல. கார்டையும் மானிட்டரையும் சேர்த்தே யோசியுங்கள்.

இனி, இதையெல்லாம் எழுத வைத்த சம்பவம். எங்கள் காலனியில் நாலு வீடுகளில் சமையல் செய்யும் அம்மாள், சேலம் பக்கத்துக்காரர். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. 2025 ஜூனில் ஒருநாள் பழைய லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "கடையில இது தேறாதுன்னுட்டாங்க ஐயா. புதுசு நாப்பத்தெட்டாயிரமாம். சங்கிலியை வச்சுடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

திறந்து பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் புராசஸர் 12 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம், 4 ஜி.பி. ரேம் நிரம்பி வழிகிறது. 1995-இல் என் வீட்டில் நின்ற அதே சமையல்காரர்! அந்தப் பெண்ணின் பாடங்களையெல்லாம் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் 8 ஜி.பி. ரேமும் வாங்கிப் போட்டேன். மொத்தம் 3,600 ரூபாய். நாலு நிமிடம் எடுத்துக்கொண்ட இயந்திரம் அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

கூட வந்திருந்த அவள் தம்பி கேட்டான்: "இப்ப பெரிய கேமெல்லாம் ஓடுமா அங்கிள்?" ஓடாதடா என்று உள்ளதைச் சொன்னேன். அதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. ரேம் போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. அவனுக்கு வருத்தம்தான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இந்த லேப்டாப்பின் புராசஸர் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இன்டெல் புராசஸர்கள், சில விதிவிலக்கு நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. முழுக்க லினக்ஸுக்கு மாற்றலாம் என்றால் அந்தப் பெண்ணுக்கு டாலி வேண்டும். அது விண்டோஸ் மென்பொருள். ஆகவே இரண்டையும் வைத்தேன். இணையத்துக்கும் பாடத்துக்கும் லினக்ஸ். டாலிக்கு மட்டும் விண்டோஸ், 2026 அக்டோபர் 13 வரையிலான பாதுகாப்பு நீட்டிப்புடன். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் அவளே புதிது வாங்கிக்கொள்ளட்டும்.

இனி உங்களுக்குப் பயிற்சி. கடைக்குப் போகுமுன் உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேலை மந்தமாகும் நேரத்தில் எந்த வரி 100-ஐத் தொடுகிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி.; மெமரி என்றால் ரேம்; கேமின்போது ஜி.பி.யு. என்றால் கார்டு. சில லேப்டாப்புகளில் ரேம் பலகையோடு பற்றவைத்திருக்கும், கூட்ட முடியாது. அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். புராசஸரே மூச்சுத் திணறினால் தயங்காமல் புதிது வாங்குங்கள். அப்போதும் விளம்பரத்தின் பெரிய எண்ணைப் பார்க்காமல், மேடையின் அகலத்தையும் கேட்டு வாங்குங்கள். நான் 1995-இல் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.