செந்தூல் இரயிலும் வீட்டுக் கேத்தலும்: ஒரு மின்சாரக் கணக்கு

தோட்டங்களில் மாலை வேளையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடி, இரவு சில மணி நேரத்தில் விளக்கணைந்த காலம் ஒன்றிருந்தது. இன்று லயங்களிலும் தோட்ட வீடுகளிலும் கேத்தலும், இஸ்திரிப் பெட்டியும், குளிர்பதனப் பெட்டியும் வந்துவிட்டன. ஆயினும், அவற்றை இயக்கும் மின்சாரத்தின் கணக்கை அறிந்தோர் சிலரே. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

முதலில் மூன்று சொற்களை அறிந்து கொள்வோம். உயரத்தில் உள்ள நீர்த்தொட்டியிலிருந்து குழாய்வழி நீர் இறங்குவதை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரம் மின்னழுத்தத்தை ஒக்கும். அதன் அளவு வோல்ட். ஓடும் நீரின் அளவு மின்னோட்டத்தை ஒக்கும். அதன் அளவு ஆம்பியர். குழாயின் ஒடுக்கம் மின்தடையை ஒக்கும். அதன் அளவு ஓம். இந்த ஓம் என்பது ஒரு மனிதரின் பெயராகும். ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதுவே: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினாலோ மின்திறன் கிடைக்கும்; அதன் அளவு வாட்.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் எனக் கொள்ளப்படுகிறது. ஒரு கேத்தல் 10 ஆம்பியர் இழுக்குமாயின், அதன் மின்தடை 230 ÷ 10 = 23 ஓம்; மின்திறன் 230 × 10 = 2,300 வாட். 5 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கு 46 ஓம், 1,150 வாட். தடை இரு மடங்கானால் திறன் பாதியாகிறது என்பதைக் கவனியுங்கள். சூடேற்றும் கருவிகளுக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். மோட்டார் உள்ள காற்றாடி போன்றவற்றுக்கு இது அப்படியே பொருந்தாது.

இனி, செந்தூலுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இரயில்வே பட்டறையால் பெயர் பெற்ற இவ்வூரில், நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 1995-இல் கொம்யூட்டர் மின்சார இரயிலும், 1998-இல் செந்தூல் தீமோர் வரை எல்.ஆர்.டி. இரயிலும் இங்கு வந்தன. தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லும் அன்பர்கள் பலர் கொம்யூட்டரில் ஏறிச் செந்தூல் வழியாகத்தான் செல்கின்றனர். கொம்யூட்டருக்கு மேலே கட்டிய கம்பியில் 25,000 வோல்ட், எல்.ஆர்.டி.க்குப் பக்கத்தில் பதித்த மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட்.

இரு இரயில்களுக்கும் 15 இலட்சம் வாட் திறன் தேவை என ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். 25,000-ஆல் வகுத்தால் 60 ஆம்பியர். 750-ஆல் வகுத்தாலோ 2,000 ஆம்பியர்! மேலே மெல்லிய கம்பியும் கீழே கனத்த தண்டவாளமும் ஏன் என்பது இப்போது விளங்கும். மின்கடத்தியில் வீணாகும் வெப்பம், மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மீண்டும் மின்தடையால் பெருக்கிய அளவாகும். மின்னோட்டம் 33 மடங்கானால், ஒரே தடையில் வெப்பம் ஆயிரம் மடங்குக்கும் மேலாகிவிடும். ஆகவேதான் குறைந்த அழுத்தத்தில் ஓடும் இரயிலுக்குத் தடை மிகக் குறைந்த கனத்த கடத்தி வேண்டியிருக்கிறது.

இதே கணக்கு நம் வீட்டு நீட்டிப்புக் கம்பியிலும் நடைபெறுகிறது. விலை மலிவென்று வாங்கிய, அரை சதுர மில்லிமீட்டர் செம்புள்ள பத்து மீட்டர்க் கம்பிக்கு, போக வர இருபது மீட்டரும் சேர்த்து ஏறத்தாழ 0.7 ஓம் தடை உண்டு. இஸ்திரிப் பெட்டி மட்டும் ஓடினால் 5 × 5 × 0.7 = 17.5 வாட் வெப்பம் கம்பியில் எழும். கேத்தல் மட்டும் என்றால் 70 வாட். இரண்டையும் ஒருசேரப் போட்டால் 15 ஆம்பியர்; வெப்பம் 157 வாட்டைத் தாண்டும். சுருட்டி வைத்த கம்பியாக இருப்பின் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகும். பக்கத்தில் மெத்தையோ திரைச்சீலையோ இருந்தால் தீப்பற்றும். 13 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே என்பீர்கள். 15 ஆம்பியரில் அது உடனே அறுந்துவிடுவதில்லை.

பியூஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மனித உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் தாக்கும்போது உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். உயிரைப் பறிக்க இது போதுமானது. ஈரக் கையாயின் தடை குறைந்து, மின்னோட்டம் இன்னும் கூடும். ஆனால், 13 ஆம்பியர் பியூஸுக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. அது கம்பியைக் காப்பதற்கே அமைந்தது. ஆளைக் காப்பது மின்கசிவுத் துண்டிப்பான். மீட்டர் அருகே உள்ள பெட்டியில் 'டி' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை அதனை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிடில், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு: சோறு சமைக்கும் மின்பானை ஒன்றின் அடியில் 230 வோல்ட், 460 வாட் என்று எழுதியிருக்கிறது. அது இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு? மின்தடை எவ்வளவு? கேத்தல் ஓடும் 13 ஆம்பியர் நீட்டிப்புப் பலகையில் அதனையும் சேர்க்கலாமா?

விடை: 2 ஆம்பியர், 115 ஓம். இரண்டும் சேர்ந்து 12 ஆம்பியர். பலகையின் அளவுக்குள் அடங்கும். ஆனால், மேலே கூறிய மெல்லிய கம்பியாயின் 100 வாட் வெப்பம் எழும், சேர்க்கலாகாது.