படிவத்தைச் சரிபார்ப்பது யார்: பிரவுசரா, சர்வரா?

கேள்வி: என் மாமாவின் கைத்தறிச் சேலைக் கடைக்கு இணைய ஆர்டர் படிவம் ஒன்று எழுதுகிறேன். பெயர், முகவரி, கைபேசி எண், எத்தனை சேலை, மொத்த வியாபாரி என்றால் ஜி.எஸ்.டி. எண், இவ்வளவுதான். எல்லாவற்றையும் பிரவுசரிலேயே சரிபார்த்துவிட்டேன். தப்பு இருந்தால் ‘அனுப்பு’ பொத்தானே வேலை செய்யாது. அதே சோதனைகளை சர்வரிலும் எழுது என்கிறார் நண்பர். ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை? ஒன்று போதும் என்றால் எதை வைத்துக்கொள்வது?
(வாசகர், ஈரோடு)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் என்றால் சர்வர். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் மாமாவின் வாடிக்கையாளர்கள் உங்களைத் திட்டுவார்கள். ஏன் என்று பார்ப்போம்.

‘பொத்தானே வேலை செய்யாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை ரசித்தேன். பொத்தானை முடக்கிவிட்டால் தப்பான தகவல் உள்ளே வர வழியில்லை என்று அநேகமாக எல்லோருமே முதலில் நம்புகிறோம். உங்கள் சர்வருக்கோ பொத்தான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு வந்து சேர்வது எச்.டி.டி.பி. கோரிக்கை, அதாவது ‘இந்த முகவரிக்கு, இந்தப் பெட்டியில் இந்த மதிப்பு’ என்று எழுதப்பட்ட சில வரிகள். அவற்றை அனுப்பியது உங்கள் படிவமா, வேறொரு நிரலா என்று நம்பிச் சொல்லும்படியான அடையாளம் எதுவும் அதில் கிடையாது. ‘கர்ல்’ என்றொரு இலவசக் கருவி 1998 முதல் இருக்கிறது. படிவத்தைத் திறந்தே பார்க்காமல், ஒற்றைக் கட்டளையில் மைனஸ் மூன்று சேலைக்கு அதில் ஆர்டர் கொடுக்கலாம். அதுகூட வேண்டாம். எஃப்12 விசையை அழுத்தி, உங்கள் படிவத்தின் எச்.டி.எம்.எல்.லில் ‘ரிக்வயர்டு’ (கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற குறிப்பு) என்று இருப்பதை அழித்துவிட்டால் போதும். அப்படிச் செய்பவர் மாற்றியது தன்னுடைய கணினியில் மட்டும்தான். ஆனால் உங்கள் சோதனை குடியிருந்ததும் அங்கேதானே!

ஆகவே பிரவுசர் சோதனையை முதல் பூட்டு என்றும், சர்வர் சோதனையை இரண்டாவது பூட்டு என்றும் எண்ண வேண்டாம். முதலாவது, பூட்டே அல்ல. வங்கியில் செலான் எழுதும்போது பக்கத்தில் நிற்பவர் ‘தேதி போடலையே’ என்று சொல்வார் அல்லவா, அது பிரவுசர். அவர் சரி என்று சொன்னதால் கேஷியர் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொள்ள மாட்டார்.

பிரவுசர் சோதனை எதற்காகப் பிறந்தது என்று பார்த்தாலும் இதே பதில்தான் கிடைக்கும். 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியை நிரப்ப மறந்தால், படிவம் சர்வர் வரை போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதுதான் அந்த மொழிக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று. பின்னர் எச்.டி.எம்.எல். 5 வந்தபோது, நிரலே எழுதாமல் ஒரு சொல்லில் இதைச் செய்யும் வசதி பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டுமே நிரப்புகிறவரின் நேரத்தைக் காப்பாற்ற வந்தவை. கடைக்காரரின் கல்லாவைக் காப்பது அவற்றின் வேலை அல்ல.

கல்லாவைக் காப்பது சர்வர். முதலில் விலை. சேலையின் விலையைப் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ‘மறைந்த பெட்டி’ என்பது திரையில் மட்டும்தான் மறைந்திருக்கிறது. எட்டாயிரத்தை எண்பது ஆக்க ஒரு நிமிடம் ஆகாது. எந்தச் சேலை, எத்தனை என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, விலையை உங்கள் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பெருக்க வேண்டும்.

அடுத்து, பிரவுசருக்குத் தெரியவே வாய்ப்பில்லாத விஷயங்கள். ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 எழுத்துகள்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து முன்னவற்றிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எழுத்து. இதுவரை பிரவுசரே பார்த்துவிடும். ஆனால் அந்தப் பதிவு ரத்தாகிவிட்டதா, அது வேறொருவருடையதா என்பதை சர்வர் வெளியே விசாரித்துத்தான் அறிய முடியும். இருப்பும் அப்படித்தான். கடைசிச் சேலையை ஒரே நொடியில் இருவர் கேட்டால் இருவர் திரையிலும் ‘உள்ளது’ என்றே காட்டும். சர்வரில்கூட முதலில் இருப்பைப் பார்த்து, பிறகு கழித்தால் நடுவில் இடைவெளி விழும். ‘ஒன்றாவது இருந்தால் மட்டும் ஒன்று கழி’ என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகக் கொடுங்கள்.

சரி, இரண்டு தடவை எழுதும் வேலை? என்னைக் கேட்டால் அது பெரிய பாரம் இல்லை. இரண்டு இடத்திலும் விதி வேறுவேறாகப் போய்விடுவதுதான் உண்மையான தொல்லை. தமிழில் பெயர் வாங்குகிறீர்கள் என்றால் இதை உடனே அனுபவிப்பீர்கள்.

‘கார்த்திக்’ என்ற பெயரில் நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. யூனிகோடு புள்ளியையும் துணைக்காலையும் கொக்கியையும் தனித்தனிக் குறியாக வைப்பதால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பத்து என்று எண்ணும். சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பி.எச்.பி.யின் ‘ஸ்டர்லென்’, கோ மொழியின் ‘லென்’ இரண்டும் பைட்டைத்தான் எண்ணும். அங்கே அதே பெயர் முப்பது. பெயருக்கு வரம்பு இருபது என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தால், பிரவுசர் சரி என்று அனுப்பியதை சர்வர் ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பும். ஐந்தெழுத்துக்காரர் என்ன செய்வார்?

‘எழுத்துகள் மட்டும்’ என்ற விதி இன்னும் வேடிக்கை. யூனிகோடு வகைப்பாட்டில் க, ம, ல எல்லாம் எழுத்து. துணைக்கால் எழுத்து அல்ல, ‘குறி’. எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் ‘கமல’ தேறும், ‘கமலா’ தேறமாட்டார். குறி வகையையும் சேர்த்து அனுமதியுங்கள். ‘கடைசிப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்து’ என்ற விதியையும் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். நம்மில் பலருக்கு அந்த இடத்தில் ஒரேயொரு இனிஷியல்தான் இருக்கிறது. முகவரிப் பெட்டியிலும் ஒரு பொறி உண்டு: வரி மாற்றத்தைப் பிரவுசர் ஒரு குறியாக எண்ணி, அனுப்பும்போது இரண்டாக அனுப்பும்.

சர்வரிலும் ஜாவாஸ்கிரிப்ட்தான் என்றால் விதிகளை ஒரே கோப்பில் எழுதி இரு பக்கமும் பயன்படுத்துங்கள். வேறு மொழி என்றால் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: சர்வர் நிச்சயமாக மறுப்பதை மட்டுமே பிரவுசர் மறுக்கலாம். சந்தேகமிருந்தால் விட்டுவிட வேண்டும். பிரவுசர் கூடுதல் கண்டிப்புக் காட்டினால் நல்ல ஆர்டர் வாசலோடு திரும்பிவிடும், உங்களுக்குத் தெரியக்கூட வராது.

திருத்த முடிந்ததை மறுக்கவும் வேண்டாம். கைபேசி எண்ணில் இடைவெளியோ முன்னால் +91-ஓ இருந்தால் சர்வரே நீக்கிக்கொள்ளட்டும். பெயரில் மேற்கோள் குறி வந்தால் தரவுத்தளத்துக்கு ஆபத்து என்று சிலர் அதைத் தடை செய்கிறார்கள். டி’சோசா என்ன பாவம் செய்தார்? அந்த ஆபத்துக்கு மருந்து வேறு: கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் ‘பாராமீட்டர்’ முறை.

எழுதி முடித்ததும் ஜாவாஸ்கிரிப்டை அணைத்து, ‘ரிக்வயர்டு’களை எல்லாம் அழித்து, மைனஸ் மூன்று சேலைக்கு நீங்களே ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பெட்டியில் என்ன தப்பு என்ற செய்தியோடு, மற்றப் பெட்டிகளில் எழுதியது அழியாமல் படிவம் திரும்பி வர வேண்டும். ‘500’ என்ற பிழைப் பக்கம் வந்தால் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். ஆர்டர் ஏற்கப்பட்டது என்று வந்தால், மாமாவிடம் சொல்வதற்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள்.