கம்ப்யூட்டர் கணக்குக்கு ஒரு நகல்

மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்கு போட்ட பேரேடு முன்பு கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்று நம்மில் பலருக்கு அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைக் காப்பாற்றும் வழி பற்றி நமது அனுபவத்தைச் சொல்கிறோம்.

2019 மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் காலை நமது மண்டிக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கணக்குப்பிள்ளை தினமும் மாலையில் தவறாமல் பேக்கப் எடுத்து ‘டி’ டிரைவில் வைத்து வந்தவர். ‘சி’யும் ‘டி’யும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரண்டு பாகங்கள்தான் என்பது, பழுது பார்க்க வந்தவர் சொன்ன பிறகே நமக்குத் தெரிந்தது. அசலும் நகலும் சேர்ந்தே போயின. விற்பனையை பில் நகல்களைப் பார்த்து மறுபடி ஏற்றிவிட்டோம். வெளியூர்க் கடைகளின் பாக்கியைத்தான் அவரவரிடமே கேட்டு எழுத வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் ஒளிக்காமல் சொன்னார்கள். மற்றவர்களைப் பற்றி இங்கே எழுதுவது முறையல்ல.

அதன் பிறகு வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று கடையில், மற்றது வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் வரும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண்ணும் ரொக்க இருப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஓடுகிற கணக்கின் மேலேயே ரீஸ்டோர் செய்துவிடாதீர்கள். பேக்கப்புக்குப் பின் போட்ட பதிவுகள் போய்விடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததால், பலர் கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். டேலி கணக்கை மட்டும் நகர்த்தினால் போதாது. ஆளுக்கொரு பெயரில் லாகின் இருந்தால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஆளுக்குத் தனி. அவை ‘சி’ டிரைவில் யூஸர்ஸ் ஃபோல்டருக்குள் பெயர்வாரியாக இருக்கும். முதலாளி பெயரில் திறந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்தால், கணக்குப்பிள்ளை எக்செல்லில் போட்ட விலைப்பட்டியல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து எடுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தின் பாஸ்வேர்டு பழைய கம்ப்யூட்டரின் நினைவில் மட்டும் இருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டேலி லைசென்ஸைப் பழையதில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஏற்ற வேண்டும்.

ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்தந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. புதியதில் ஒரு மாத ரிட்டர்ன் போட்டு முடிக்கும்வரை பழையதை விற்க வேண்டாம். விற்கும்போதும் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். நாம் கழற்றிய மூன்று டிஸ்க்குகள், தேதி எழுதி ஒட்டி, பழைய சிட்டைகளோடு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன.