கைபேசியில் இயங்கும் மோட்டாருக்குக் காவல்

வயலுக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவு அதிகமாக இருப்பின், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவிலும் கிணற்றடிக்குச் செல்ல வேண்டியுள்ளது. இத்தொல்லையைப் போக்க, சிம் அட்டை பொருத்திய கருவியை ஸ்டார்ட்டருடன் இணைத்து, வீட்டிலிருந்தே கைபேசியால் மோட்டாரை இயக்கும் முறை பரவி வருகிறது. ஆனால் தக்க காவல் இல்லையெனில், நீங்கள் இயக்கும் மோட்டாரைப் பிறரும் இயக்க முடியும். பயிருக்கு வேண்டாத நீர் பாய்வதோடு, பழுது பார்ப்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே கீழ்க்காணும் முறைகளைத் தவறாது கடைப்பிடியுங்கள்.

1. சிம் அட்டை: 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்கும் கருவிகளும் உண்டு. அவற்றில், 2ஜி சேவை இல்லாத நிறுவனத்தின் சிம் அட்டை வேலை செய்யாது. ஆகவே கிணற்றடியில் எந்த நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கிறது என்று பார்த்த பிறகே கருவியை வாங்க வேண்டும். சிம் அட்டையை உங்கள் பெயரிலேயே பெறுங்கள். அதன் எண்ணை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் எழுதி வைக்க வேண்டாம்.

2. இரகசிய எண்: கருவியுடன் வரும் இரகசிய எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000 போன்று எளிதாக இருக்கும். பொருத்திய அன்றே அதை மாற்றிவிடுங்கள். பிறந்த ஆண்டு, வண்டி எண் போன்றவற்றை வைக்கலாகாது.

3. எண்களைப் பதிவு செய்தல்: பதிவு செய்த எண்களிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும்படி கருவியை அமைக்கலாம். உங்கள் எண்ணையும் வீட்டார் ஒருவர் எண்ணையும் பதிவு செய்தால் போதும். கருவி பொருத்திய மெக்கானிக்கின் எண் பதிவாகியிருப்பின், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். நீங்கள் கைவிட்ட பழைய எண்ணையும் நீக்க வேண்டும். ஏனெனில் நீண்ட நாள் பயன்படாத எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு வழங்கிவிடும். அழைப்பவர் எண்ணைப் போலியாகக் காட்டவும் வழியுண்டு. ஆதலால் பதிவு எண், இரகசிய எண் இரண்டையும் சேர்த்துக் கேட்கும் கருவியே சிறந்தது.

4. செயலி வழி இயக்கம்: இணையம் வழியே இயங்கும் கருவியாயின், செயலியின் கடவுச்சொல்லை ஒருவரிடமும் கூற வேண்டாம். "கருவியைச் சரிசெய்கிறோம்" என்று அழைத்து, உங்கள் கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலியை நிறுவச் சொல்பவரை நம்பாதீர்கள். வங்கிப் பணமும் பறிபோகும். அவ்வாறு பணம் இழந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

5. சோதித்தறிதல்: அமைப்பு முடிந்ததும், பதிவு செய்யாத ஒரு கைபேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடினால் காவல் சரியில்லை என்று பொருள். கையேட்டைப் பார்த்து மீண்டும் அமையுங்கள். மாதம் ஒருமுறை இவ்வாறு சோதிப்பது நல்லது.

6. பழுது பார்க்கும்போது: கருவியை அணைப்பது மட்டும் போதாது. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும். தானியங்கி நிலையில் உள்ள கருவி, மின்சாரம் வந்ததும் தானே மோட்டாரை இயக்கிவிடும். வீட்டிலுள்ளோர்க்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இக்கருவிக்கான மானிய விவரங்களை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். கருவி வாங்கும் உழவர் பெருமக்கள் அதனைக் காக்கும் முறைகளையும் கற்று, அச்சமின்றிப் பாசனம் செய்து பயனடைய வேண்டும்.