தோல் கூறும் மெய்ப்பாடு

நுழையும்முன்
உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கிறது. முகத்தில் மெய்ப்பாடு தோன்றாதவரின் உள்ளத்தில் உணர்வே இல்லை எனக் கொள்ளலாமா? மனச்சிதைவு நோய் குறித்த ஆய்வுகள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன.

வியர்க்கும் உள்ளங்கை
காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் பட்டுத்தறியில் அமரும் நெசவாளர், உள்ளங்கை வியர்த்தால் உடனே துடைத்துக்கொள்வார். வியர்வை பட்டால் பட்டில் கறை படியும். உள்ளங்கை வெப்பத்தால் மட்டும் வியர்ப்பதில்லை. அச்சமும் பதற்றமும் வியப்பும்கூட அதனை வியர்க்கச் செய்கின்றன. உணர்வெழுச்சியின்போது பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. வியர்வையில் உப்பு கலந்திருப்பதால் தோலின் மின்கடத்துதிறன் உயர்கிறது. இரு விரல்களில் மின்வாய்களைப் பொருத்தி, மிகச் சிறிய மின்னழுத்தம் செலுத்தி, இம்மாற்றத்தை மைக்ரோசீமென்ஸ் என்னும் அலகால் அளப்பர். திடீரென ஓர் ஒலி எழுந்தால், பெரும்பாலும் 1 முதல் 3 நொடிகளுக்குள் இத்துலங்கல் தொடங்கிவிடும். பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபெரே 1888ஆம் ஆண்டிலேயே இத்தகைய மாற்றத்தைப் பதிவுசெய்தார்.

முகமும் தோலும்
மனச்சிதைவு நோயாளருள் கணிசமானோருக்கு எளிய ஒலிகளைக் கேட்கும்போது தோலில் துலங்கல் எழுவதில்லை என்பதை, 1972ஆம் ஆண்டு குருசிலியர், வெனபிள்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயினும், உணர்வைத் தூண்டும் காட்சிகளின் முன் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் கிரிங், நீல் ஆகியோர் நோயாளர்களுக்குத் திரைப்படக் காட்சிகளைக் காட்டி, 1996ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். நோயாளர்களின் முகத்தில் மற்றவர்களைவிடக் குறைவான உணர்ச்சியே தோன்றியது. ஆனால், தாம் உணர்ந்ததாக அவர்கள் கூறியது குறையவில்லை. தோலின் துலங்கலோ மற்றவர்களைவிட மிகுந்திருந்தது.

இவ்வளவீடு மட்டுமே நோயை உறுதிசெய்யும் சோதனையன்று. நலமுடையோர் சிலரிடமும் ஒலிக்குத் துலங்கல் எழுவதில்லை. சில மருந்துகளும் அதனைக் குறைக்கும்.

உறவின் கடமை
“இவனுக்கு எதுவும் உறைக்காது” என்று நோயாளரின் முன்னிலையிலேயே பேசும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அச்சொல் அவர் உள்ளத்தைத் தைக்கக்கூடும் என்பதையே இவ்வாய்வு உணர்த்துகிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டு சென்னையில் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவத்தோடு மறுவாழ்வுப் பயிற்சியும் குடும்பத்தினருக்கு வழிகாட்டுதலும் வழங்கிவருகிறது. மருந்து மருத்துவரின் பொறுப்பு. அன்போடு பேசுவது உடன் வாழ்வோரின் பொறுப்பு.

கற்பவை கற்றபின்
முகக்குறிப்பை மட்டும் கொண்டு ஒருவரது உணர்வை மதிப்பிடுவது சரியா? வகுப்பில் கலந்துரையாடுக.