சொல்லுக்கு ஒரு பதிவெண்

நுழையும்முன்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள் விலைமிகுந்தது பெரும்பாலும் வீட்டுமனையே ஆகும். மனையை விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர் தரகர். அவரது சொல்லை நம்பிப் பலர் தம் சேமிப்பு முழுவதையும் கொடுக்கின்றனர். அச்சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார்? இவ்வினாவிற்குச் சட்டம் தரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

நம்பிக்கையும் இழப்பும்

தரகுத் தொழில் நெடுங்காலம் வாய்ச்சொல்லையே முதலாகக் கொண்டு நடந்தது. தொழிலில் இறங்கத் தகுதிச் சான்றோ பதிவோ தேவைப்படவில்லை. விளைநிலங்கள் உரிய ஒப்புதலின்றி மனைகளாகப் பிரிக்கப்பட்டன. சாலை வரும், குடிநீர் வரும் என்ற உறுதிமொழிகளோடு அவை விற்கப்பட்டன.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டு, மனைகளை வரன்முறைப்படுத்தவும் வழி செய்யப்பட்டது. எனினும், இடைப்பட்ட காலத்தில் மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ மனையை விற்க எண்ணியவர்கள் தவித்தனர். விற்றுக்கொடுத்த தரகரோ தம் தரகுத்தொகையைப் பெற்று என்றோ விலகியிருந்தார்.

சட்டத்தின் வருகை

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறைவேற்றியது. 2017ஆம் ஆண்டு மே 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கட்டுநர்களோடு தரகர்களையும் அது பொறுப்பிற்கு உட்படுத்தியது. இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் உள்ள மனையையோ அடுக்ககத்தையோ விற்க உதவும் தரகர், தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பதிவு பெறும் முறை

தமிழ்நாட்டில் இப்பணியைக் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம் மேற்கொள்கிறது. விண்ணப்பிப்பவர் தம் தொழில் விவரம், முகவரிச் சான்று, நிழற்படம், வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் முதலியவற்றை உரிய கட்டணத்துடன் அளிக்க வேண்டும். ஏற்கப்பட்டால் பதிவெண் வழங்கப்படும். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும்.

பதிவு பெற்றவரின் கடமைகள்

பதிவு பெற்றவர், தாம் முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவெண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டம் பதிவாகாத நிலையில், அதன் விற்பனைக்கு உதவக் கூடாது. கணக்கேடுகளைப் பேண வேண்டும். கட்டுநருக்கு இல்லாத ஒப்புதல் இருப்பதாகக் கூறக் கூடாது. வாங்குபவருக்குரிய தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குக் கிடைக்க உதவ வேண்டும்.

விதியை மீறினால், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படும். அது மொத்தத்தில் சொத்து மதிப்பின் 5 விழுக்காடு வரை உயரலாம். 40 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள மனையெனில், இருபதே நாள்களில் தண்டம் அதன் உச்சமான 2 இலட்சம் ரூபாயை எட்டிவிடும். பொய்யுரைத்துப் பதிவு பெற்றது தெரியவந்தால், அவர் தரப்பைக் கேட்டபின் பதிவை நீக்கவும் குழுமத்திற்கு அதிகாரம் உண்டு.

சட்டம் முடியும் இடம்

தனிமனிதர் ஒருவர் தம் பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும்போது, அதற்குத் துணைநிற்கும் தரகருக்கு இப்பதிவுக் கட்டாயம் பொருந்தாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டமும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டமும் பொதுவாகப் பதிவிலிருந்து விலக்குப் பெறுகின்றன. அங்கெல்லாம் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வாங்குபவரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். பதிவெண் பெற்ற தரகரிடமும் அவ்விழிப்புணர்வு தேவை. பதிவெண் ஒருவரை நேர்மையாளராக்கிவிடாது. தவறிழைத்தால் தேடிக் கண்டு வினவ வழிசெய்யும்.

வள்ளுவர், நடுவுநிலைமை அதிகாரத்தின் நிறைவுக் குறளில் வணிகரின் அறத்தை வைத்தார். இருவருக்கு நடுவே நின்று தொழில் செய்யும் தரகருக்கு அவ்வறம் இன்னும் நெருக்கமானது. மனையின் குறையை முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுபவர் ஒரு விற்பனையை இழக்கக்கூடும். ஆனால், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைக் காத்தவராகிறார்.

தெரியுமா?

தமிழ்நாட்டின் ஒழுங்குமுறைக் குழுமமே அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பொறுப்பு வகிக்கிறது. மகாராட்டிர மாநிலம், மனைத் தரகர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேர்ச்சியடைய வேண்டும் என்னும் விதியை 2023ஆம் ஆண்டில் கொண்டுவந்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் வெளியாகும் வீட்டுமனை விளம்பரங்களைத் திரட்டுக. பதிவெண் உள்ளவை, இல்லாதவை என வகைப்படுத்தி, வாங்குபவர் கேட்க வேண்டிய வினாக்களை வகுப்பில் கலந்துரையாடுக.