பறவை நோக்குவோரின் புத்தகப் பரிமாற்றம்

விடுமுறை நாள்களில் சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வர். சிலர் குன்றேறுவர். வேறு சிலர் விடியுமுன் எழுந்து, மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்தவாறே நடப்பர். பறவை நோக்குவோர் எனப்படும் இம்மூன்றாம் வகையினருள் நானும் ஒருவன். செம்பனைத் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், ஆசிரியர் இருவர், தோட்டத் தொழிலாளர் சிலர், பழைய மாணவர் சிலர் எனப் பன்னிருவர் மாதத்தின் முதல் ஞாயிறன்று கூடி நடப்பது வழக்கம். அக்குழுவில் நாங்கள் நடத்திய புத்தகப் பரிமாற்றத்தைப் பற்றி மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது பயன் தரும் எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறேன்.

பறவையைக் காண்பதற்குக் கண் போதும். அதன் பெயரை அறிவதற்கோ நூல் வேண்டும். கிளையில் ஒரு நொடி தோன்றி மறையும் பறவையின் அலகையும் வாலையும் இறகின் நிறத்தையும் மனத்திற்கொண்டு படத்தோடு ஒப்பிட்டாலன்றி, இன்ன பறவை என உறுதியாகச் சொல்ல இயலாது. கிளெனிஸ்டர் என்பார் மலாயாத் தீபகற்பத்துப் பறவைகளைப் பற்றி எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. பென் கிங் முதலிய மூவர் தென்கிழக்காசியப் பறவைகளுக்கென ஆக்கிய கையேடு 1975இல் வந்தது. மரங்களை அறிய விரும்புவோர்க்குக் கார்னர் எழுதிய 'மலாயாவின் சாலையோர மரங்கள்' 1940 முதல் உண்டு. இவற்றையெல்லாம் ஒரே வீட்டார் வாங்குவது எளிதன்று. பன்னிருவர் ஆளுக்கொரு நூல் வைத்திருந்து மாற்றிக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நூல்கள் கிட்டும் அன்றோ? இந்தக் கணக்கே எங்களைத் தூண்டியது.

தொடக்கத்தில் கணக்கு மட்டும் இருந்தது, கணக்கேடு இல்லை. கேட்டவர்க்குக் கேட்டபோது கொடுத்தோம். நான்காம் மாதம், குழுவினர் ஒருவர் வேறு தோட்டத்திற்கு மாற்றலாகிச் சென்றார். அவரோடு ஒரு நூலும் சென்றது. கொடுத்தவர் 'அவரிடம்தான் தந்தேன்' என்றார். பெற்றவர் 'திருப்பிக் கொடுத்துவிட்டேன்' எனச் சொல்லியனுப்பினார். இருவரும் பொய்யுரைப்பவர் அல்லர். எழுதி வைக்காததே குற்றம். நூலுக்கு உரியவர் அதன்பின் ஆறு மாதம் எங்களோடு நடக்க வரவில்லை. நூலை இழந்ததைவிட அந்த நண்பரை இழந்ததே எங்களுக்கு மிக்க வருத்தம் தந்தது.

ஆகவே ஒரு பயிற்சிப் புத்தகத்தை வாங்கிக் கோடிட்டோம். நூலின் எண், பெயர், உரியவர், பெறுபவர், பெற்ற நாள், திரும்பிய நாள், கையொப்பம் என ஏழு கட்டங்கள். ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் அதே எண்ணும் உரியவரின் பெயரும் எழுதப்பட்டன. தவணையை வேறாக வகுக்கவில்லை. ஒரு நடையில் பெற்ற நூலை அடுத்த நடையில் கொண்டுவர வேண்டும், அவ்வளவே. தண்டம் விதிக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. தண்டத்திற்கு அஞ்சுபவர் நூலைத் தாமதமாகத் தருவதற்குப் பதிலாக நடைக்கே வராமல் நின்றுவிடுவர் என்று மூத்தவர் ஒருவர் கூறினார். அவர் கூற்று சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

நிற்க. பரிமாற்றத்தில் நாங்கள் செய்த பெரும் பிழை வேறொன்று. 'ஒரு நூல் தருபவர் ஒரு நூல் பெறலாம்' என்பது எங்கள் முதல் விதி. பார்வைக்கு அது நியாயமாகவே தோன்றும். ஆயினும் செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவர் மூன்று மாதம் எங்களோடு நடந்தும் ஒரு நூலையும் பெறவில்லை. ஐந்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன் மட்டும் படங்களை எட்டி எட்டிப் பார்ப்பான். காரணம் வினவியபோது, "கொடுப்பதற்கு என்னிடம் புத்தகம் இல்லையே, வாத்தியாரையா" என்றார் தந்தை. எங்களுள் எவரினும் மிகுதியாகப் பறவைகளை அறிந்தவர் அவர். ஆற்றோர மணலில் வளை தோண்டி முட்டையிடும் பஞ்சுருட்டானை எங்களுக்குக் காட்டியவரும் அவரே. அத்தகையவரை எங்கள் விதி வாயிற்படியில் நிறுத்தி வைத்திருந்தது.

சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் இரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் நூலகத்திற்கென ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டி ஒன்று நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்றது. அந்த வண்டி யாரிடமும் பதிலுக்கு நூல் கேட்கவில்லை. இதனை ஒரு கூட்டத்தில் எடுத்துரைத்தேன். விதியை மாற்ற அனைவரும் இசைந்தனர். நூல் இல்லாதவர் தாம் கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதித் தரலாம். அதுவும் ஒரு நூலாகவே எண்ணப்படும் என முடிவாயிற்று.

தந்தை சொல்ல மகன் எழுதினான். நாள், இடம், பறவை செய்துகொண்டிருந்த செயல் என வரிக்கு வரி நிறைந்த அந்த ஏட்டிற்குப் பதின்மூன்றாம் எண் இட்டோம். அதில் கூகையைப் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. செம்பனைப் பழத்தைத் தின்று அழிக்கும் எலிகளைக் குறைப்பதற்காக 1980கள் முதல் நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் கூகைக்குக் கூட்டுப் பெட்டிகள் நாட்டப்பட்டு வருகின்றன. எலியை விழுங்கும் கூகை, செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். மகன் அவ்வுருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்து, அவற்றிலிருந்த எலி மண்டையோடுகளை எண்ணி எழுதியிருந்தான். கூகை அலறினால் வீட்டிற்கு ஆகாது என்று கல்லெறிந்துவந்த லயத்து மக்கள் சிலர், அந்த ஏட்டை இரவல் வாங்கிப் படித்தனர். எல்லோரும் மனம் மாறிவிட்டனர் எனச் சொல்லமாட்டேன். கல்லெறிவது குறைந்தது.

இனி, நூலைப் பேணும் முறையைச் சிறிது கூறுவேன். நடைக்குக் கொண்டுசெல்லும் நூலை நெகிழிப் பையில் இட வேண்டும். வீடு திரும்பியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு பையிலேயே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்கலாகாது, தாள் நெளிந்துபோகும். இலைகளுக்கிடையே வெறுந்தாள் வைத்து, நிழலில் காற்றாட விட்டு, ஓரளவு உலர்ந்தபின் மேலே பாரம் ஏற்றுக. அடுக்கி வைத்த நூல்களை மாதமொருமுறை தட்டிப் புரட்டினால் இராமபாணப் பூச்சி தங்காது.

கார்னரின் மர நூலில் விளக்கம் ஒரு தொகுதியிலும் நிழற்படங்கள் மற்றொன்றிலும் உள்ளன. இதை அறியாமல் தொகுதிக்கு ஒருவராக இருவருக்குக் கொடுத்தோம். ஒருவர் மாதம் முழுவதும் படம் பார்த்தார். மற்றவர் படமில்லாமல் படித்தார்! செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தகைவிலான் முதலிய பறவைகள் வடக்கிலிருந்து வலசை வந்து தங்கும். அப்பருவத்தில் பறவைக் கையேட்டை அனைவரும் கேட்பர். ஆதலின் அம்மாதங்களில் அதற்கு மட்டும் தவணை ஒரு வாரம்தான்.

ஆங்கில நூலைப் படிக்க இயலாதவர்க்காக, படங்களின் எண்ணைக் குறித்து ஒரு பெயர்ப்பட்டியல் எழுதினோம். மீன்கொத்திக்கு எதிரே மலாய்மொழியில் 'ராஜா ஊடாங்', இருவாட்சிக்கு எதிரே 'எங்காங்' என அது நீண்டது. மலாய்ப் பெயர்களைச் சொல்லித் தந்தவர்கள் தோட்டத் தொழிலாளரே. அப்பட்டியல் நூலின் உள்ளேயே மடித்து வைக்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டின் முடிவில் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தோம். அதிகமானோர் பெற்றுச் சென்றது பதின்மூன்றாம் எண். அதன் அட்டை தேய்ந்து, மூலைகள் மடங்கி, நடுத்தாள் இரண்டு கழன்றிருந்தன. தைத்துத் தருவதற்காக அதை உரியவரிடம் கொண்டுசென்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், வாத்தியாரையா. பையன் அடுத்த ஏடு எழுதிக்கொண்டிருக்கிறான்" என்றார்.